பேசாத ஆபரேட்டர்

என் மகள் சென்னையில் ஒரு கம்பெனியில் பத்துப் பேரை மேய்க்கிறாள். மேய்க்கிறாள் என்று சொன்னால் அவளுக்குக் கோபம் வரும். 'லீட் பண்றேன்' என்று சொல்ல வேண்டும். போன தடவை வந்திருந்தபோது அந்தப் பத்துப் பேரில் ஒருவனைப் பற்றிப் புலம்பித் தீர்த்தாள். மீட்டிங்கில் வாயே திறப்பதில்லையாம். ஏதாவது கேட்டால் 'யோசிச்சுச் சொல்றேன்' என்பானாம். நாலு நாள் கழித்து ஒரு வரி எழுதி அனுப்புவானாம். பல சமயம் அது சரியாகவும் இருக்குமாம். எப்படி அந்த முடிவுக்கு வந்தாய் என்றால் மட்டும் சொல்லத் தெரியாதாம். கம்பெனியில் ஏதோ கேள்வித்தாள் கொடுத்து ஆட்களை வகை பிரிக்கிறார்கள். இவன் தனக்குள்ளேயே இருக்கிற வகை, மனசுக்குத் தோன்றுவதை வைத்துப் போகிற வகை என்று வந்திருக்கிறதாம்.

"இந்த மாதிரி ஆளை வெச்சிக்கிட்டு எப்படிம்மா வேலை வாங்குறது?" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த வகையில் ஒருத்தியை வைத்துக்கொண்டு நான் வேலை வாங்கியிருக்கிறேன். அதுவும் எங்கே? பேசுவதையே பிழைப்பாகக் கொண்ட டெலிபோன் எக்ஸ்சேஞ்சில்.

தஞ்சாவூருக்கும் திருவாரூருக்கும் நடுவில் ஒரு தாலுகா ஊர். கழகம் ஆட்சிக்கு வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. டீக்கடைக்கு டீக்கடை கறுப்பு சிவப்புக் கொடி, அதற்கு எதிர்த்தாற்போல விவசாயத் தொழிலாளர் சங்கத்தின் செங்கொடி. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஓட்டுக் கட்டடம் ஒன்றில் எங்கள் எக்ஸ்சேஞ்ச். சுவர் நீளத்துக்கு மரத்தாலான போர்டு. ஒவ்வொரு நம்பருக்கும் அதில் ஒரு சின்ன மூடி. யாராவது போனைச் சுற்றினால் அந்த மூடி டக்கென்று விழும். கயிற்றில் தொங்கும் பிளக்கை அதன் கீழே இருக்கும் துளையில் செருகி ஆபரேட்டர் "நம்பர் ப்ளீஸ்" என்பாள். வெளியூருக்குப் பேச வேண்டுமென்றால் டிரங்க் கால் புக் பண்ண வேண்டும். லைன் கிடைக்கும்போது நாங்கள் கூப்பிட்டுக் கொடுப்போம். மூன்று நிமிஷம் ஆனதும் இடையில் நுழைந்து, "மூணு நிமிஷம் ஆச்சு, இன்னும் பேசணுங்களா?" என்று கேட்போம். மற்றபடி அவர்கள் பேசுவதைக் காதில் போட்டுக்கொள்ளக் கூடாது. காதில் விழுந்தாலும் வெளியே விடக் கூடாது. அது எங்கள் இலாகாவின் சட்டம்.

நான் அங்கே சூப்பர்வைசர். என் தொண்டை ஊரறிந்தது. "உனக்கெல்லாம் எதுக்கு டெலிபோன்? ஜன்னலைத் தொறந்து வெச்சிப் பேசினாலே திருவாரூர்ல கேக்கும்" என்பார் என் வீட்டுக்காரர். கோபம் வந்தால் கத்துவேன், அடுத்த நிமிஷம் மறந்துவிடுவேன். என்னிடம் வேலை பார்த்த பெண்களும் ஏறக்குறைய அதே ரகம். சாப்பாட்டு அறையில் எல்லோரும் ஒரே சமயத்தில் பேசுவோம், எல்லோரும் எல்லோருக்கும் பதில் சொல்வோம். யார் வீட்டில் என்ன குழம்பு, யாருடைய மாமியாருக்கு என்ன வியாதி, எதுவும் மிச்சமிருக்காது.

அந்தக் கூட்டத்துக்குள் வந்து சேர்ந்தாள் அந்தப் பெண். உயரமாக, ஒல்லியாக இருப்பாள். வந்த அன்று பெயரைச் சொன்னாள், ஊரைச் சொன்னாள், அவ்வளவுதான். சாப்பாட்டு அறையில் சுவர்ப் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்து டப்பாவைத் திறப்பாள். என்ன குழம்பு என்று கேட்டால் புன்னகைப்பாள். எங்கள் சீனியர் ஆபரேட்டர், வாயில் என்னையே தூக்கிச் சாப்பிடுகிறவள், ஒரு மாதம் முயன்று பார்த்துவிட்டு, "அக்கா, நம்ம போர்டுக்கு வாய் இருக்கு, இந்தப் பொண்ணுக்கு இல்ல" என்று அறிவித்தாள்.

ஏன் இப்படி இருக்கிறாள் என்று ஆளுக்கொரு காரணம் கண்டுபிடித்தார்கள். காதல் தோல்வி என்றாள் ஒருத்தி. கர்வம் என்றாள் இன்னொருத்தி. அவளுடைய அம்மாவுக்குக் கண் தெரியாது, அந்தத் துக்கம் என்றாள் சீனியர். எனக்கு இதில் ஒரு ஆத்திரம் உண்டு. நான் இவ்வளவு பேசுகிறேனே, ஏன் பேசுகிறாய் என்று இதுவரை ஒருத்தராவது என்னைக் கேட்டதுண்டா? பேசாமலிருப்பவளுக்கு மட்டும் எதற்குக் காரணம்? அவள் அப்படித்தான். சில பேர் அப்படித்தான் இருக்கிறார்கள்.

ஆனால் ஹெட்செட்டை மாட்டிவிட்டால் வேறு ஆள். குரல் தணிந்து, தெளிவாக, அவசரமே இல்லாமல் வரும். சண்டைக்கு வரும் ஆசாமிகூட அவள் "சொல்லுங்க" என்றதும் பாதி இறங்கிவிடுவார். ஆளைப் பார்க்காமல் குரலை மட்டும் கேட்கிற இடம் அவளுக்குத் தோதாக இருந்தது என்று நினைக்கிறேன்.

அவளிடம் எப்படி வேலை வாங்குவது என்று கண்டுபிடிக்க எனக்குக் கொஞ்ச காலம் ஆனது. முதல் மாதாந்தரக் கூட்டத்தில், தீபாவளி ஷிஃப்ட்டை எப்படிப் போடலாம் என்று எல்லோரையும் கேட்டுக்கொண்டே வந்தேன். அவள் முறை வந்தது. எழுந்து நின்றாள். முகம் வெளுத்தது. கையிலிருந்த டம்ளரின் காபி புடவையில் கொட்டியது. யாரோ சிரித்தார்கள். உட்காரச் சொல்லிவிட்டு மேலே போனேன். மறுநாள் காலையில் என் மேஜைப் பக்கம் வந்து நின்று, "தீபாவளிக்கு முந்தின நாளுதான் மேடம் கூட்டம் இருக்கும். தீபாவளி அன்னிக்கி யாரும் பேச மாட்டாங்க. எல்லாரும் ஊருக்கு வந்திருப்பாங்க" என்றாள். சொல்லிவிட்டுப் போய்விட்டாள். யோசித்துப் பார்த்தால் அது சரி. வருஷா வருஷம் தீபாவளியன்று ஆளைக் குவித்துவைத்து ஈ ஓட்டிக்கொண்டிருந்தோம்.

அதிலிருந்து ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். அவளிடம் ஏதாவது கேட்க வேண்டுமானால், போகிற போக்கில் விஷயத்தைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவேன். பதிலுக்கு நிற்க மாட்டேன். அடுத்த நாளோ அதற்கு அடுத்த நாளோ பதில் தானாக வரும். நடுவில் இருந்த அவளுடைய இடத்தைச் சுவரோரக் கடைசி இடத்துக்கு மாற்றினேன். அக்காவுக்கு அவள் செல்லம் என்று முணுமுணுத்தார்கள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

அவளுக்கு அவ்வப்போது ஏதாவது தோன்றும். சாதாரண வரிசையில் காத்திருக்கும் ஒரு டிரங்க் காலைக் காட்டி, "இதை முன்னாடி போடலாமா மேடம்?" என்பாள். ஏன் என்றால் "தெரியல மேடம்" என்பாள். ஒரு முறை அப்படிப் போட்டதில், ஆஸ்பத்திரியில் கிடந்த தகப்பனிடம் ஒரு மகன் கடைசியாகப் பேச முடிந்தது. இன்னொரு முறை, நம்பர் சொன்னவருக்கு மூச்சு வாங்குகிறது, ஏதோ விபரீதம் என்றாள். நானும் பதறிப்போய் முன்னால் போடச் சொன்னேன். கடைசியில் அந்த மனுஷன் குளித்துக்கொண்டிருந்தவர், ஏதோ ஞாபகம் வந்து ஈரத் துண்டோடு ஓடிவந்து போனைச் சுற்றியிருக்கிறார். விஷயம் பாத்திரக் கடை கணக்கு. அன்றைக்கு அவளே சிரித்தாள். தோன்றுவதெல்லாம் சரியாக இருக்கும் என்று அவளும் நினைத்ததில்லை, நானும் நினைத்ததில்லை. ஆனால் கேட்டு வைத்துக்கொள்வதில் நஷ்டமில்லை.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அந்தக் குறுவை அறுப்பு வந்தது.

அந்த வருஷங்களில் அறுப்பு என்றாலே சண்டைதான். கூலி நெல்லைக் கொஞ்சம் கூட்டிக் கேட்பார்கள் ஆட்கள். முடியாது என்பார்கள் மிராசுதார்கள். உள்ளூர் ஆள் வயலில் இறங்க மாட்டான். மிராசுதார் வெளியூர் ஆளை லாரியில் கொண்டுவந்து இறக்குவார். வரப்பில் இரண்டு கூட்டமும் அரிவாளோடு சந்திக்கும். அதற்குப் பிறகு நடப்பதைச் சொல்ல வேண்டியதில்லை. சில வருஷம் முன்னால் கிழக்கே ஒரு சேரியில் நடந்த கொடுமை யாருக்கும் மறக்கவில்லை. மழை வேறு எந்த நேரமும் இறங்கலாம் என்று நின்றது. தாசில்தார் இரண்டு தரப்பையும் கூப்பிட்டுப் பேசிப் பார்த்தார், படியவில்லை.

எங்கள் ஊருக்குப் பக்கத்துக் கிராமத்தில் ஒரு மிராசுதார். நில உச்சவரம்புச் சட்டம் வந்த பிறகும் அவர் நிலம் சுருங்கவில்லை, பட்டாவில் பெயர்கள்தான் பெருகின. சொந்தமாக ரைஸ் மில் வைத்திருந்தார். அவருடைய டெலிபோன் வீட்டில் இல்லை, மில்லின் முன்கூடத்தில் இருந்தது. அவர் புதுக்கோட்டைப் பக்கம் இருந்த தன் மைத்துனருக்கு அர்ஜென்ட் டிரங்க் போட்டார். ஆளைத் திரட்டி லாரியில் அனுப்பச் சொல்லத்தான். அந்தக் காலைப் போட்டுக் கொடுத்தது எங்கள் பேசாத பெண்.

இரண்டு நாள் கழித்து விடியற்காலையில் லாரி வந்தது. வெண்ணாற்றுப் பாலத்தைத் தாண்டவில்லை. பாலத்தின் மேல் ஊர்ச் சனம் மொத்தமும் உட்கார்ந்திருந்தது. ஆணும் பெண்ணும் பிள்ளைகளுமாக, கையில் ஒன்றுமில்லாமல், நடுரோட்டில் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தார்கள். லாரிக்காரன் ஹாரன் அடித்து அலுத்துப்போய் இஞ்சினை நிறுத்தினான். வந்த ஆட்களும் இறங்கி ஆற்றில் முகம் கழுவிவிட்டு வெற்றிலை போட்டுக்கொண்டார்களாம். மத்தியானம் லாரி திரும்பிப் போய்விட்டது. மறுநாள் பேச்சுவார்த்தை நடந்து கூலி படிந்தது. ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை.

மிராசுதாருக்கு மட்டும் பெரிய காயம். லாரி வரும் நாளும் வழியும் சங்கத்துக்கு எப்படித் தெரிந்தது? அவர் யாரிடமும் மூச்சு விடவில்லையாம். மைத்துனரிடம் டெலிபோனில் சொன்னதோடு சரி. ஆகவே எக்ஸ்சேஞ்சிலிருந்துதான் விஷயம் போயிருக்க வேண்டும் என்று மேலிடத்துக்குப் புகார் எழுதினார். அவருக்கு எல்லாப் பக்கமும் ஆள் உண்டு. ஒரு வாரத்தில் எனக்கு உத்தரவு வந்தது: விசாரணைக்கு அதிகாரி வருகிறார், அந்தக் காலைப் போட்ட ஆபரேட்டர் குற்றமற்றவர் என்று காட்டாவிட்டால் உடனே ராமநாதபுரம் பக்கம் கடலோர எக்ஸ்சேஞ்ச் ஒன்றுக்கு மாற்றல்.

வேறு யாராக இருந்தாலும் மாற்றலை அழுது தீர்த்துவிட்டுப் பெட்டி கட்டலாம். இவளுடைய கண் தெரியாத அம்மா பல வருஷமாக அந்த ஒரே வீட்டில் கையால் தடவித் தடவிப் பழகியவள். அடுப்பு, கிணறு, கோயிலுக்குப் போகும் சந்து எல்லாம் அவளுக்குக் கைமனப்பாடம். அந்த அம்மாவைத் தெரியாத ஊரில், தெரியாத வீட்டில் கொண்டுபோய் விட்டால் அவள் மூலையில் உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். மாற்றல் மகளுக்கு, தண்டனை அம்மாவுக்கு.

சாப்பாட்டு அறையில் தீர்ப்பு ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது. "நாம எல்லாம் படபடன்னு பேசிடறோம், நம்ம மனசுல ஒண்ணும் கிடையாது. அவ ஒரு வார்த்தை பேசறாளா? உள்ளுக்குள்ள என்ன வெச்சிருக்காளோ" என்றாள் சீனியர். மற்றவர்கள் தலையாட்டினார்கள். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

எனக்கு வந்த கோபத்தில் அங்கேயே அவளைக் கூப்பிட்டு, "சொல்லித் தொலையேன், நான் இல்லைன்னு!" என்று கத்தியிருப்பேன். கத்தினால் என்ன ஆகும் என்று தெரியும். டம்ளர் கவிழும், முகம் வெளுக்கும், அவ்வளவுதான். ஆகவே வழக்கப்படி போகிற போக்கில், "விசாரணை வருது. அந்தக் காலைப் பத்தி உனக்கு என்ன தோணுதுன்னு எனக்குத் தெரியணும்" என்று சொல்லிவிட்டு நகர்ந்தேன்.

மறுநாள் பதில் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. அதிகாரி வருவதற்கு முந்தின சாயங்காலம் அவளோடு சேர்ந்தே புறப்பட்டேன். எங்கள் இரண்டு பேர் வீடும் வாய்க்கால் தாண்டித்தான். வாய்க்கால் கரையிலேயே நடந்தோம். நான் ஒன்றும் கேட்கவில்லை. வாயை மூடிக்கொண்டு அந்தத் தூரம் நடப்பது எனக்குப் பிரசவ வலியாக இருந்தது. அறுத்த வயல்களில் வாத்து மேய்த்துக்கொண்டிருந்தார்கள். மதகடிக்கு வந்ததும் அவள் நின்றாள்.

"அவரு பேசறப்ப மில்லு ஓடல மேடம்."

நான் வாயைத் திறந்து, மூடிக்கொண்டேன்.

"லைன் குடுத்ததும் 'மில்ல நிறுத்து'ன்னு கத்தினாரு. நின்னிடுச்சு. மூணு நிமிஷம் ஆச்சுன்னு சொல்ல உள்ள போனேன். பின்னாடி யாரோ இருமினாங்க. ஒரு குழந்தை சிணுங்குச்சு. யாரோ அதை வாயைப் பொத்தினாங்க."

எனக்குப் புரிந்துவிட்டது. அந்த மில்லில் கூலி நெல்லை அரைக்க வந்து சேரிச் சனம் எப்போதும் உட்கார்ந்திருக்கும். டிரங்க் கால் என்றால் கத்தித்தான் பேச வேண்டும் என்பது அந்தக் காலத்து மனுஷர்களின் நம்பிக்கை. ஊர் எவ்வளவு தூரமோ அவ்வளவு சத்தம். புதுக்கோட்டை தூரம் என்று அடிவயிற்றிலிருந்து கத்தியிருக்கிறார். தன் குரல் மைத்துனருக்குக் கேட்க வேண்டுமென்று மில்லையே நிறுத்தியிருக்கிறார். பத்தடி தள்ளித் தரையில் உட்கார்ந்திருந்தவர்களுக்கும் காது உண்டு என்பது அவருக்குத் தோன்றவே இல்லை.

"அடிப் பாவி!" என்றேன். தாங்க முடியவில்லை. "இதை மொத நாளே சொல்லியிருந்தா இந்த விசாரணையே கிடையாதே! நாளைக்கி நான் சொல்றேன் பாரு. அந்த மனுஷன் மூஞ்சியைப் பாக்கணும்!"

"சொல்லாதீங்க மேடம்."

"ஏன்?"

அவள் மதகில் இறங்கும் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏன் என்று கேட்டால் தெரியல என்பவள், அன்றைக்குச் சொன்னாள். ஒவ்வொரு வார்த்தையாகத்தான் சொன்னாள்.

"சொன்னா இனிமே கதவைச் சாத்திக்கிட்டுப் பேசுவாரு. இந்தத் தடவை முன்னாடியே தெரிஞ்சதால ரோட்டுல போயி உக்காந்தாங்க. தெரியாம இருந்திருந்தா லாரியில வந்தவங்கள வயல்லதான் பாத்திருப்பாங்க. கையில அரிவாளோட."

நான் அவளைப் பார்த்தேன். இத்தனை நாளும் இந்தப் பெண் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தெரியாமல் வாயடைத்து நிற்கிறாள் என்று நினைத்திருந்தேன். அவள் எல்லாவற்றையும் யோசித்துவிட்டுத்தான் நின்றிருக்கிறாள். அம்மாவை யோசித்தாயா என்று கேட்டேன். "யோசிச்சேன்" என்றாள். கண் நிறைந்துவிட்டது அவளுக்கு. எனக்கும்தான். என் அழுகை என் பேச்சு மாதிரி சத்தமாக வரும், ஆகவே முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன்.

மறுநாள் விசாரணை என் அறையில் நடந்தது. அதிகாரி என் நாற்காலியில் உட்கார்ந்தார். எதிரே மிராசுதார், வெள்ளை வேட்டி, தோளில் விசிறி மடிப்புத் துண்டு. சுவரோரமாக அந்தப் பெண் நின்றாள். அன்றைய ஷிஃப்ட்டில் இருந்தவள் என்பதால் சீனியரும் வந்திருந்தாள்.

மிராசுதார் புகாரை வாயால் சொல்ல ஆரம்பித்தார். ஜன்னல் கம்பி அதிர்ந்தது. அதிகாரி காதைத் தேய்த்துக்கொண்டு, "கொஞ்சம் மெதுவா சொல்லுங்க, பக்கத்து ரூம்ல டிரங்க் ஓடிக்கிட்டிருக்கு" என்றார்.

"நான் மெதுவாத்தானே பேசறேன்!" என்றார் அவர், அதே சத்தத்தில்.

அதைக் கேட்டும் அங்கே ஒருவருக்கும் ஒன்றும் உறைக்கவில்லை. ஊரில் பெரிய மனிதர்கள் எல்லோரும் அப்படித்தான் பேசுவார்கள், அது ஒரு சத்தமாகவே யாருக்கும் தெரியாது. எனக்கு நாக்கு நுனியில் அரித்தது. மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

அதிகாரி அந்தப் பெண்ணைப் பார்த்தார். "நீ என்னம்மா சொல்ற?"

"நான் யார்கிட்டயும் சொல்லல சார்."

"அப்பறம்?"

அப்புறம் ஒன்றுமில்லை. முகம் வெளுத்தது. கைகளைக் கோத்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். அதிகாரி காத்திருந்தார். மிராசுதார், "பாத்தீங்களா, பதிலே இல்ல!" என்றார். அதிகாரி பேனாவைத் திறந்தார். அந்த மூடி திறந்த சத்தம் இப்போதும் எனக்குக் கேட்கிறது. எழுதிவிட்டால் முடிந்தது, ராமநாதபுரம்தான்.

"ஒரு நிமிஷம் சார்" என்றேன். "இந்தப் பொண்ணு பேசலைன்னுதானே சந்தேகப்படறீங்க? நானும் அதையேதான் சொல்றேன். இவ பேச மாட்டா சார். நாங்க இத்தனை பேர் தினம் ஒண்ணா சாப்பிடறோம், இவ டப்பாவுல என்ன குழம்புன்னு இன்னிக்கி வரைக்கும் எங்களால வாங்க முடியல. இவ போயி சங்கத்து ஆபீஸ்ல நின்னு லாரி வர்ற நாள், வழி எல்லாம் விவரமா எடுத்துச் சொல்லியிருப்பாளா? எங்களை மாதிரி யாராவதுன்னா நானே சந்தேகப்படுவேன். என்னைச் சந்தேகப்படுங்க, அதுல நியாயம் இருக்கு. இவளை எப்படி சார்?"

அதிகாரியின் உதட்டோரம் அசைந்தது. சீனியரைப் பார்த்து, "அப்படியாம்மா?" என்றார்.

சாப்பாட்டு அறையில் தீர்ப்புச் சொன்னவள் அவள். என்ன சொல்வாளோ என்று அவளையே பார்த்தேன். சீனியர் அந்தப் பெண்ணை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு பெருமூச்சு விட்டாள்.

"அதை ஏன் சார் கேக்கறீங்க. எனக்குக் கல்யாண நாளுன்னு எல்லாருக்கும் ஜாங்கிரி குடுத்தேன். இவ ஒரு வாழ்த்து சொல்லல. சாயங்காலம் பாத்தா என் பைக்குள்ள ஒரு முழம் மல்லி இருக்கு. பூ வெச்சது இவதான்னு நானா கண்டுபிடிச்சேன். காலண்டர் படமாவது காத்துல ஆடும் சார். இது போயி சங்கத்துல பேசிச்சாம்!"

அதிகாரி வாய்விட்டுச் சிரித்துவிட்டார். மிராசுதாருக்குக்கூடச் சிரிப்பு வந்தது. அதை அடக்கிக்கொண்டு, "அப்ப யாருதான் சொன்னா? அதைச் சொல்லுங்க!" என்று அதிரக் கேட்டார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள், ஏனென்றால் எந்தக் கேள்விக்கும் பதில் சொல்கிறவள் நான்தான். பதில் என் வாய்க்குள் முழுசாக உட்கார்ந்திருந்தது. நீங்கதான் ஐயா சொன்னீங்க. இவ்வளவுதான் வாக்கியம். சுவரோரம் நின்றவள் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள். கெஞ்சவில்லை, சும்மா பார்த்தாள்.

"எங்க எக்ஸ்சேஞ்சுலேருந்து போகல ஐயா. அது எனக்கு நிச்சயமாத் தெரியும்" என்றேன்.

அதில் பொய் ஒன்றுமில்லை. அதிகாரி தலையாட்டினார். போதிய ஆதாரம் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, காபி சாப்பிட்டுப் போனார். மிராசுதார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அவர் பின்னாலேயே போனார். அந்தப் பெண் போர்டுக்குப் போய் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டாள். சாயங்காலம் அவள் அம்மா எனக்கு என்று ஒரு தூக்கில் மோர்க்குழம்பு கொடுத்தனுப்பினாள். ஆக, அவர்கள் வீட்டுக் குழம்பு எப்படியிருக்கும் என்று கடைசியில் எனக்குத் தெரிந்தது. நன்றாகவே இருந்தது.

என்னைத் தெரிந்தவர்களுக்குத்தான் மிச்சக் கஷ்டம் புரியும். அந்த ஒரு வாக்கியத்தை நான் வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லவில்லை. எத்தனையோ நாள் சாப்பாட்டு அறையில் அது தொண்டை வரைக்கும் வந்தது. அவள் அந்தப் பக்கம் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பதைப் பார்ப்பேன், சோற்றோடு சேர்த்து விழுங்கிவிடுவேன். சொல்லாமல் இருப்பது எவ்வளவு பெரிய வேலை என்று அவளிடம்தான் தெரிந்துகொண்டேன்.

தை பிறந்தது. சம்பா முற்றிக் காய்ந்து நின்றது. மறுபடியும் கூலிப் பேச்சு இழுத்துக்கொண்டிருந்தது. ஒரு மத்தியானம் மில் நம்பரின் மூடி விழுந்தது. புதுக்கோட்டைக்கு அர்ஜென்ட். சுவரோரம் இருந்தவள் போட்டுக் கொடுத்தாள். சூப்பர்வைசருக்கு லைனைச் சரிபார்க்கும் உரிமை உண்டு. நான் என் மேஜையிலிருந்த ஹெட்செட்டை எடுத்துக் காதில் வைத்தேன்.

"மில்ல நிறுத்துடா!"

மில் நின்றது. அதற்குப் பின்னால் ஒரு நிசப்தம் வந்தது. ஆள் இல்லாத இடத்து நிசப்தம் அல்ல அது, பலபேர் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும் நிசப்தம். அவள் எதைக் கேட்டாள் என்று அப்போதுதான் எனக்கு முழுசாகத் தெரிந்தது.

"மச்சான்! இந்தத் தடவ ஆள் அனுப்பாதீங்க! லாரி வாடகைதான் தெண்டம்! அவனுங்க கேக்கறதையே குடுத்துடப் போறேன்! ஆனா இப்ப சொல்ல மாட்டேன்! கடைசி வரைக்கும் இழுத்துட்டு அப்பறம் ஒத்துக்கலாம்னு இருக்கேன்! யாருக்கும் தெரியக் கூடாது!"

தூரத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். உடனே அடங்கியது.

"மூணு நிமிஷம் ஆச்சுங்க. இன்னும் பேசணுங்களா?" என்றாள் எங்கள் பெண். குரல் தணிவாக, தெளிவாக, எப்போதும் போல இருந்தது.

நான் ஹெட்செட்டைக் கழற்றி வைத்தேன். வயிற்றுக்குள்ளிருந்து பொங்கி வந்தது. வாயை இறுக்கிக்கொண்டு, கண்ணில் நீர் முட்ட, போர்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். சீனியர் திரும்பிப் பார்த்துப் பதறிப்போனாள்.

"என்னக்கா, பேசாம உக்காந்திருக்கீங்க? மொகமெல்லாம் செவந்து கெடக்கு. ஒடம்பு சரியில்லையா?"

நான் பதில் சொல்ல வாயைத் திறக்கவில்லை. திறந்தால் எல்லாம் கொட்டிவிடும்.

சுவரோரத்திலிருந்து, யாரும் கேட்காமலே, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ஒரு குரல் வந்தது.

"அக்காவுக்கு ஒண்ணுமில்ல" என்றாள் அவள். "நல்லாத்தான் இருக்காங்க."